கார்டு புதுசு, திரை மட்டும் கறுப்பு

கேள்வி: மகன் விஸ்காம் சேர்ந்திருக்கிறான். வீடியோ எடிட்டிங்குக்கு வேண்டும் என்று கேட்டதால், வீட்டில் இருந்த செகண்ட்ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் (ஐ5 நான்காம் தலைமுறை) ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டை ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினோம். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால் அங்கே நன்றாக வேலை செய்கிறது. கார்டுக்கு கரண்ட் கொடுக்க அவர்களே ஒரு கன்வெர்ட்டர் வயர் கொடுத்தார்கள். கார்டு போலியா சார்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்தக் கன்வெர்ட்டர் வயரை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள் அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். ஆபீஸ் மெஷினுக்கு கடையில் கொடுக்கும் வயர் என்றால், அதன் ஒரு முனை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தட்டையான சாட்டா பிளக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும், மறுமுனையில் கார்டுக்கான 8 பின். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் பிளக் 150 வாட் வரை கொடுப்பதற்கென்று வைத்தது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மகன் ஒரு வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போகும் நேரத்தில் அந்தப் பிளக் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, பக்கத்து வயரோடு ஒட்டிக்கொள்ளும். தீப்பிடித்த கதைகளும் உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடையில் ஓடி வீட்டில் ஓடவில்லை என்றால் கார்டு நல்ல கார்டுதான். கடை மேசையில் பெரிய எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும். உங்கள் மெஷினின் மூடியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் மேல் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள், 240, 290 என்று ஏதாவது போட்டிருக்கும். 1660 சூப்பர் தனியாகவே 125 வாட் எடுக்கும், அதற்குக் குறைந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று நினைப்பீர்கள். பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக், கடையில் கிடைக்கும் 24 பின் வகை இல்லை, சிலவற்றில் பெட்டியின் அளவும் வேறு. அதற்கும் ஒரு கன்வெர்ட்டர், கேபினெட்டில் வெட்டு என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

என் யோசனை, கார்டை அதே கடையில் கொடுத்துவிட்டு, தனி வயர் கேட்காத கார்டாக மாற்றி வாங்குங்கள். போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடுகிறது (அதன் 8 ஜிபி வகை 130 வாட், பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்). பட்ஜெட் இடிக்கிறது என்றால் பவர் பிளக் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 போதும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6400ஐக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எடிட்டிங் முடித்து வீடியோவாக மாற்றித் தரும் என்கோடர் அதில் கிடையாது. கேபினெட் ஒல்லியான வகை என்றால் உயரம் குறைந்த கார்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய கார்டை மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டின் பின்பக்கம்தான் செருக வேண்டும். கார்டு இருப்பது தெரிந்ததும் போர்டில் உள்ள டிஸ்ப்ளே வாயை மெஷினே அணைத்துவிடும், பழைய இடத்திலேயே கேபிள் இருந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் கார்டைக் கழற்றிவிட்டு பயாஸை (மெஷினை எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேர்) அந்த மாடலுக்கான கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்து பாருங்கள்.

கேள்வி: அண்ணா, ரைசன் 5 5600 மெஷினில் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன். கேபினெட்டோடு வந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ். பாட்டு, படம், பிரவுசர் எல்லாம் பிரச்சினை இல்லை. கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மொத்தமாக ஆஃப் ஆகிறது, அதிலும் சாயந்திரம் ஏழு மணிக்கு மேல்தான் அதிகம். 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. விண்டோஸ் லாகில் 'கெர்னல் பவர் 41' என்று வருகிறது. கார்டு போய்விட்டதா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தம்பி, 41 என்ற அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோயிருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். எப்படி நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் டிரைவர் அல்லது ராம் பக்கம் போகலாம். திரை கறுத்து, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் டிரைவர், கேபிள், அப்புறம் கார்டு. ஃபேன், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் முதலில் கரண்ட்தான், உங்களுடையது இந்த மூன்றாவது வகை.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் 500ஐ விட்டுவிட்டு 12 வோல்ட் என்ற கட்டத்தைப் படியுங்கள். கேபினெட்டோடு வருபவற்றில் 18 ஆம்பியர் என்று இருப்பது சாதாரணம். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டு 170, ப்ராசஸர் 60 அல்லது 70, ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து 30 என்று வைத்தாலும் 260, 270 வந்துவிடுகிறது. போதாததற்கு இந்தக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குத் தன் கணக்கைவிட அதிகமாக இழுக்கும், அந்த இழுப்பில்தான் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவை 360 வாட்தான் தாங்கும். உள்ளே 270 வாட் தேவை என்றால், சாதாரண எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 340 வாட் அளவுக்கு இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் 360ஐத் தொட்டுவிட்டது. சாயந்திரம் தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது யுபிஎஸ் டக்கென்று பேட்டரிக்கு மாறும், பழைய பேட்டரி என்றால் அந்த லோடைத் தாங்காமல் அங்கேயே படுத்துவிடும். நீங்கள் சொன்ன ஏழு மணிக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் இலவசம்தான், அதில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் கரண்டுக்கான வரம்பு) 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை அதே நேரத்தில் விளையாடுங்கள். அணையவில்லை என்றால் கார்டு நன்றாக இருக்கிறது, பிரச்சினை கரண்டில். பிறகு லிமிட்டை 100க்கு ஏற்றி, யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். இப்போது ஓடினால் யுபிஎஸ், இப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். இரண்டில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் யோசிக்காமல் எஸ்எம்பிஎஸ் என்பேன். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்ற தரச் சான்று உள்ள நல்ல 550 வாட் போதும், 3060க்கு என்விடியா சொல்வதும் 550தான். புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை அந்த 70 சதவீதத்திலேயே விளையாடுங்கள். கொஞ்சம் ஃபிரேம் குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: கார்டு மாட்டிய மூன்றாம் மாதத்திலிருந்து சில நாள் டிஸ்ப்ளே வருவதில்லை. கழற்றி மறுபடி மாட்டினால் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரோடு மட்டும்தான்.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கார்டின் ஸ்க்ரூவைப் பாருங்கள், தலையில் காவி நிறம் ஏறியிருக்கிறதா? இருந்தால் அதே உப்புக்காற்று ஸ்லாட்டுக்குள்ளும் போயிருக்கிறது. பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிய பிறகு, ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கியை அமுக்கி கார்டை நேராக மேலே எடுங்கள். அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள், துணியில் அழுக்கு இறங்குவது தெரியும். ரப்பரால் அழுத்தித் தேய்க்க வேண்டாம், மேல் பூச்சு மெல்லியது. முழுக்கக் காய்ந்ததும் கொக்கி 'டிக்' என்று விழும்வரை அமுக்கி மாட்டி, ஸ்க்ரூவையும் போடுங்கள். ஸ்க்ரூ இல்லாமல் விட்டால் கார்டு தன் எடையில் சாய்ந்து பட்டை பாதி ஒட்டாமல் நிற்கும். கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் அடுத்த முறை துடைக்க வெகு நாளாகும்.

கேள்வி: ரேடியான் கார்டை எடுத்துவிட்டு என்விடியா போட்டேன். படம் வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக இருக்கிறது.
- வாசகர், கொடுங்கையூர்

பதில்: டிரைவர் ஏறவில்லை, வேறொன்றும் இல்லை. நெட்டைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' போட்டுப் பழைய ரேடியான் டிரைவரைச் சுத்தமாக எடுங்கள், ரீஸ்டார்ட் ஆனதும் என்விடியா தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்ததை ஏற்றுங்கள். நெட் இருந்தால் இடையில் விண்டோஸ் அப்டேட் தானாக எதையாவது போட்டுவிடும்.

கேள்வி: புது கார்டிலிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் செருகும்போது சின்னதாகப் பொறி வந்தது. அதிலிருந்து அந்த வாய் வேலை செய்யவில்லை, பக்கத்து டிஸ்ப்ளே போர்ட் வேலை செய்கிறது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. பழைய வாடகை வீடு.
- வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த் வழியாக வெளியேற்றும். அந்த வழி இல்லாதபோது கேபினெட் முழுக்க 110, 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது, ஆனால் டிவியோடு கேபிள் சேரும் நொடியில் அந்த வோல்டேஜ் ஹெச்டிஎம்ஐ வழியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சின்ன சிப் தாங்காது. போன வாய் இனி வராது, டிஸ்ப்ளே போர்ட்டிலேயே ஓட்டுங்கள்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கட்டையில் செருகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வயர் பாயிண்ட் வரை வந்திருக்கிறதா, மீட்டர் பக்கத்தில் எங்காவது அறுந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் இழுத்து எர்த்தில் கட்டித் தருகிறேன் என்பார் சிலர், கட்டாயம் வேண்டாம். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட் நிற்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் செலவுக்கு யோசித்தால் கம்ப்யூட்டரைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அதே எர்த்தை நம்பித்தான் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் இருக்கின்றன என்று சொல்லுங்கள். எர்த் சரியாகும்வரை எந்த டிஸ்ப்ளே கேபிளைச் செருகினாலும் பிடுங்கினாலும், டிவி, கம்ப்யூட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.