பிள்ளைக்கு எப்போது சொல்வது? தத்தெடுப்புப் பற்றி வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த ஐந்து கேள்விகள். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: எங்கள் மகளை ஐந்து மாதக் குழந்தையாக, நீதிமன்றக் கட்டளையோடு தத்தெடுத்தோம். இப்போது ஒன்பது வயது. கலியாணம் பேசும்வரை வாய் திறக்கக் கூடாது என்கிறார் மாமி. எப்போது சொல்லலாம்? (ஒரு தாய், உவர்மலை)

பதில்: இந்த மாதத்துக்குள். கலியாணம் பேசும்வரை இதைப் பொத்தி வைக்கலாம் என்று மாமி நம்புகிறார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நீங்கள் கொடுத்த பத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வயிறு தெரியாமல் இருந்த நீங்கள் ஒருநாள் கைப்பிள்ளையோடு வந்து இறங்கியதைக் கண்ட ஒழுங்கை முழுக்கத் தெரியும். தெரியாமல் இருப்பவள் அவள் ஒருத்திதான். சொல்லப்போவது நீங்களா, சண்டை பிடித்த வகுப்புத் தோழியா என்பதுதான் மிச்சம்.

நாலைந்து வயதில் சொன்னால் பிள்ளை அதை ஒரு கதையாகக் கேட்டுக்கொள்ளும். ஏழெட்டு வயதில்தான் அதன் மறுபாதி பிடிபடும்: இங்கே வந்திருக்கிறேன் என்றால், எங்கேயோ என்னை விட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இரண்டும் ஒன்றாக வந்து விழும். அழலாம், ஒன்றும் பேசாமல் விளையாடப் போகலாம். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

அடுத்த நாளும் எல்லோரும் வீட்டில் நிற்கும் ஒரு சனிக்கிழமைக் காலை நல்லது. படுக்கப்போகும் நேரமும் பரீட்சைக் கிழமையும் வேண்டாம், பிறந்தநாள் வேண்டவே வேண்டாம். தாயும் தகப்பனும் மட்டும் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். 'நீ வேறொரு அம்மாவின் வயிற்றில் பிறந்தாய். உன்னை வளர்க்க அவவால் முடியாமல் போனது. நாங்கள் நீதிமன்றத்தில் கேட்டு உன்னை எங்கள் மகளாக எடுத்தோம். முன்னமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் பிழை. நீ ஒரு பிழையும் செய்யவில்லை.' கடைசி வசனம் முக்கியம். 'நான் கனக்க அழுதபடியால்தான் தந்துவிட்டாவோ' என்று தன்னிலேயே காரணம் தேடும் வயது அது.

சில வசனங்கள் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே போய் வேறு வேலை செய்யும். 'உன்னில் அன்பு வைத்தபடியால்தான் அவ தந்தா' என்றால், அன்பு வைத்தவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்று பிள்ளை கணக்குப் போடும். பிறகு நீங்கள் சந்தையிலிருந்து அரை மணித்தியாலம் பிந்தினாலே பதறும். 'நீ கடவுள் தந்த வரம்' என்றால், வரத்துக்குக் கோபப்பட இடமில்லாமல் போகும். 'அம்மா செத்துப்போனா' என்று, தெரியாமல் சொல்லவே கூடாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். 'வெளியில் சொல்லாதே' என்பதற்குப் பதிலாக, 'யாருக்குச் சொல்வது என்று நீயே முடிவு செய்' என்று விடுங்கள்.

ஒரு கிழமை கழித்து அந்தக் கதையை நீங்களே திரும்ப எடுக்க வேண்டும். உங்களுக்கு நோகும் என்று அவள் கேட்கமாட்டாள். கட்டளையின் பிரதி, வந்த அன்று போட்டிருந்த சட்டை, முதலில் வைத்த பெயர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மாமிக்கு ஒன்று சொல்லலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தத்தெடுப்பதானால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்கிறது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பத்து வயதுப் பிள்ளையிடம் சம்மதமே கேட்கலாம் என்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லலாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. ஒரு செத்தவீட்டில் உறவுக்காரர் ஒருவர் வாய் தவறிச் சொல்லித்தான் நான் எடுத்து வளர்த்த பிள்ளை என்று தெரிந்தது. இரண்டு மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை. அம்மாவைப் பார்த்தால் கோபம் வருகிறது, பிறகு நன்றி கெட்டவன் என்ற எண்ணம் வருகிறது. (மூதூர்)

பதில்: கோபம் வளர்த்ததில் இல்லை, மறைத்ததில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி இறுக்கம் தளரும். செத்தவருக்கு எட்டு, முப்பத்தொன்று என்று நாள் குறித்து அழ வழி வைத்திருக்கிறோம். முகம் தெரியாத தாய்க்கு அழ நமக்கு ஒரு சடங்கும் இல்லை. அந்த அழுகைதான் உங்களுக்கு நித்திரையில்லாமையாக வருகிறது. நன்றியைப் பற்றி: பெற்ற பிள்ளையிடம் யாரும் சோற்றுக்குக் கணக்குக் கேட்பதில்லை, உங்களிடமும் கேட்க முடியாது.

பெற்றோரிடம் கேட்க வேண்டியதை முதலில் எழுதுங்கள். முதல் நாளில் மூன்று கேள்வி போதும்: எங்கே பிறந்தேன், யார் கொண்டுவந்து தந்தது, என்ன பத்திரம் இருக்கிறது. அநேகமாக அம்மா அழுவார், நீங்கள் ஆறுதல் சொல்லப் போவீர்கள், கேள்விகள் அப்படியே நின்றுவிடும். அதனால் எழும்ப முன்னர் அடுத்த முறை எந்த நாள் என்று பேசிக்கொள்ளுங்கள். விசயம் தெரிந்த வயதானவர்களிடம் பிந்தாமல் கேளுங்கள். வைத்தியர் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் வளர்த்தவர்களின் சீனி வருத்தத்தைச் சொல்லாதீர்கள். 'தெரியாது, தத்தெடுக்கப்பட்டவன்' என்பதே சரியான பதில். இரவில் முகநூலில் தேட வேண்டாம், பகலில் தேடுங்கள்.

இரண்டு மாதம் நித்திரை இல்லையென்றால் வைத்தியரைக் காண வேண்டிய நேரம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். சாக வேண்டும் போலிருந்தால் எந்த நேரமும் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். முதல் சந்திப்பிலேயே 'இவ்வளவு செய்தவர்களுக்கு நன்றியாக இரு' என்று புத்தி சொல்லும் உளவளத்துணையாளரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் நெதர்லாந்துப் பெண், 1984இல் இலங்கையிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவர். தாயைத் தேடுகிறார். எப்படி உதவலாம்? (நிலாவெளி)

பதில்: கோப்பில் இருக்கும் தாயின் பெயரை நம்பி நேரே போய்ப் படலையைத் தட்டாதீர்கள். எழுபது, எண்பதுகளில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் சுமார் 11,000 என்று மதிப்பிடப்படுகிறது. காசு வாங்கிக்கொண்டு தாயாக நடித்த பெண்கள் இருந்ததை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி வெளிக்கொண்டு வந்தது. 2021 பெப்ரவரியில் அந்நாட்டு அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

முதலில் பத்திரங்களை மேசையில் பரப்புங்கள்: பிறப்புப் பதிவு, நீதிமன்றக் கட்டளை, தாயின் சத்தியக் கடதாசி, கடவுச்சீட்டு. தாயின் வயது, ஊர், கையெழுத்து மூன்றும் எல்லாவற்றிலும் ஒத்து வருகிறதா? பிறப்பைப் பதிந்த திகதிக்கும் நீதிமன்றத் திகதிக்கும் இடையில் சில நாட்கள்தான் என்றால் சந்தேகப்படுங்கள். பதிவு இலக்கத்தை வைத்து பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் புதிய பிரதிக்கு விண்ணப்பித்து, கையிலிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

பிறகு மரபணுப் பரிசோதனை. எச்சில் கொடுப்பதானால் அதற்கு முன் 30 நிமிடம் சாப்பாடு, தேத்தண்ணீர், சிகரெட் கூடாது. இரண்டு பேருக்கும் பொதுவான மரபணு எவ்வளவு என்பது சென்ரிமோர்கன் என்ற அலகில் வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய 3,400 முதல் 3,700 வரை இருக்கும். அரைச் சகோதரம், பெற்றவரின் கூடப்பிறந்தவர், பாட்டி என்றால் 1,300 முதல் 2,300 வரை. அதற்குக் கீழே கவனம் வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போல இலக்கம் காட்டும். ஐரோப்பியரைப் பார்த்துப் போட்ட அட்டவணையை அப்படியே நம்பினால் பிழையான வீட்டுக்குப் போய் நிற்பீர்கள். முதலில் பொருந்தி வருவது அநேகமாக ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து அதே பரிசோதனையைச் செய்த யாராவது ஒருவர். அவரின் அம்மம்மா எந்த ஊர் என்று கேட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

தாய் கிடைத்தால், புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் நாற்பது வருடம் வாழ்ந்தவராக இருக்கலாம். அவரின் மொழி பேசும் ஒரு பெண் மட்டும் போக வேண்டும். வானும் கமராவும் வாசலுக்கு வரக் கூடாது. '84இல் உங்களைத் தெரிந்த ஒருவர் சுகம் விசாரிக்கிறார்' என்று சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். பரிசோதனை முடியும்வரை காசு கைமாறக் கூடாது. தாய் மறுத்தால் தேடி வந்தவருக்கு அது இரண்டாம் முறை கைவிடப்பட்டது போல இருக்கும். அன்று இரவு அவரோடு யார் இருப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

கேள்வி: 2006 இடம்பெயர்வில் தங்கையின் கைக்குழந்தையைப் பொறுப்பெடுத்தோம். ஒரு பத்திரமும் இல்லை. இப்போது அவனைத் தத்தெடுத்துக் காணியைக் கொடுக்கலாமா? (சாம்பல்தீவு)

பதில்: தத்தெடுப்புக் கட்டளை பிள்ளைகளுக்குத்தான், வளர்ந்த ஆளுக்கு இல்லை. அது இல்லாமல் உங்கள் மகன் என்ற வாரிசுரிமை அவனுக்கு வராது. நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு நன்கொடை உறுதி எழுதுங்கள், அல்லது அதே முறையில் மரணசாசனம். பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயரை ஏற்றித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் போகாதீர்கள். அது குற்றம், பையன் தன் தாயின் பெயரையும் இழப்பான்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பிள்ளையை 'வாங்கின பிள்ளை' என்று மற்றவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். ஆசிரியை என்ன செய்யலாம்? (தம்பலகாமம்)

பதில்: அந்தப் பிள்ளையை எழுப்பி வைத்து வகுப்புக்கு விளக்கம் சொல்லாதீர்கள். பகிடி பண்ணியவர்களைத் தனியே கூப்பிட்டு, மனிதரை யாரும் வாங்குவதில்லை, இந்தச் சொல் இந்த வகுப்பில் இனி இல்லை என்று ஒரே தரம் உறுதியாகச் சொல்லுங்கள். பிறகு அவள் பெற்றோருக்கு அறிவியுங்கள். அவளுக்கு வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம்.

குடும்ப மரம் வரையும் பாடத்தில் கை வையுங்கள். 'அம்மா, அப்பா' என்று அச்சிட்ட கட்டங்களுக்குப் பதில், நடுவில் பிள்ளையின் பெயரை எழுதி, 'என்னோடு இருப்பவர்கள்', 'நான் நினைப்பவர்கள்' என்று இரண்டு வட்டம் போடச் சொல்லுங்கள். தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும், காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளைக்கும் அதே தாள் உதவும். ஆசிரியர் அறையிலும் ஒரு வேலை இருக்கிறது. 'அது அவையின்ர சொந்தப் பிள்ளை இல்லை' என்று யாரும் சொன்னால், 'அவையின்ர பிள்ளைதான்' என்று அந்த இடத்திலேயே திருத்துங்கள். பத்திரத்தில் பார்த்ததை அலுவலக மேசையைத் தாண்ட விடாதீர்கள்; பகிடி அநேகமாக அங்கிருந்துதான் வகுப்புக்கு வந்திருக்கும்.