நேரில் கேட்டால்தான் புரியுமா?

கேள்வி: கட்டற்ற இம்ப்ரொவைசேஷன், அதாவது முன்கூட்டி எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே உருவாக்கி வாசிக்கும் இசையின் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள். "இதை நேரில்தான் கேட்கணும், பதிவெல்லாம் வெறும் சக்கை" என்கிறது ஒரு கட்சி. இன்னொன்று ஆல்பம் ஆல்பமாகச் சேர்க்கிறது. நான் ஒரு நிகழ்ச்சியைப் போனில் பதிவு செய்து கேட்டேன், ஒரே இரைச்சல். முதல் கட்சி சொல்வதுதானே சரி?

பதில்: உங்கள் போன் செய்த தவற்றுக்கு இசையைத் தண்டிக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் ஆட்டோ கெயின் தானாகவே வேலை செய்யும். மெல்லிய ஓசை வந்தால் தூக்கிவிடும், பலத்த ஓசை வந்தால் அமுக்கிவிடும். பேச்சுக்கு அது வசதி. மெட்டையும் தாளத்தையும் முன்கூட்டி முடிவு செய்யாத இந்த இசைக்கோ உருவம் கொடுப்பதே ஓசையின் ஏற்ற இறக்கமும், யார் எப்போது நுழைகிறார், எப்போது விலகுகிறார் என்பதும்தான். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் தட்டையாக்கினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்த முறை, கலைஞர்களின் அனுமதியோடு, ஒரு கையடக்க ரெக்கார்டரைக் கொண்டுபோங்கள். அதில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள். ஒத்திகையில் அவர்கள் எழுப்பும் மிகப் பலத்த ஓசை, ரெக்கார்டரின் மீட்டரில் உச்சமான பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவு வையுங்கள். நிகழ்ச்சி சூடு பிடித்ததும் நிச்சயம் அதற்கு மேலே போகும், அந்த இடைவெளி அதற்காகத்தான். தனி மைக் இரண்டு இருந்தால் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விலக்கி ஸ்டாண்டில் பொருத்துங்கள். மேசைமேல் வைத்தால் அதன் அதிர்வெல்லாம் பதிவில் ஏறும். வீட்டுக்கு வந்தபின் முழுப் பதிவையும் ஒரே அளவில் உயர்த்துங்கள், ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும் கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். நடுவில் வரும் நிசப்தத்தை 'ஒன்றுமில்லை' என்று வெட்டிவிடும் புண்ணியவான்களும் உண்டு, அதையும் செய்யாதீர்கள்.

இரைச்சலாகக் கேட்பதற்குக் காதும் ஒரு காரணம். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பர் 21 அன்று பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் ஏறத்தாழ 37 நிமிடம், எட்டுப் பேர். ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒரு நால்வர் குழு, வலப்பக்கம் இன்னொன்று. ஹெட்போன் மாட்டி முதலில் இடக்காதில் மட்டும் கேளுங்கள்: கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லாஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். பிறகு வலப்பக்கம்: எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரைச்சல் என்று நினைத்த இடத்தில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது பிடிபடும். இந்த வசதியை எந்த மேடையும் தராது.

பதிவு சக்கை என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கட்டும். 1970-இல் இன்கஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் டெரெக் பெய்லி, டோனி ஆக்ஸ்லி, எவான் பார்க்கர், அதாவது வாசித்தவர்களேதான். சாக்ஸபோன் வாசிக்கும் பார்க்கரின் 1978-ஆம் ஆண்டு ஆல்பம் 'மோனோசெரோஸ்' நாடாவில் பதியாமல் நேராகத் தட்டிலேயே செதுக்கப்பட்டது. வெட்டி ஒட்ட வழியே கிடையாது.

முதல் கட்சி ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. ஜப்பானியக் கலைஞர் சாச்சிகோ எம் போன்றவர்கள் எழுப்பும் மிக உயர்ந்த சுருதியிலான சைன் அலை, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலி, அறைச் சுவர்களில் எதிரொலித்து இடத்துக்கு இடம் கூடிக் குறைகிறது. தலையைச் சற்றுத் திருப்பினாலே கேட்பது மாறிவிடும். ஹெட்போனில் இது அறவே கிடைக்காது. அந்த வகைப் பதிவையாவது ஸ்பீக்கரில் போட்டு, அறைக்குள் நடந்து கேளுங்கள். 128 கிலோபிட் எம்பி3 வேண்டாம். பொதுவாக அதில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது.

இனி சண்டை போடுகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: நீங்கள் சொல்வது முழு நிகழ்ச்சியா, எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்காக 20 நிமிடத்துக்கு நறுக்கியதா? மைக் எங்கே இருந்தது? பிறகு எதையாவது சேர்த்தார்களா? பதில் தெரியாமல் 'ஆன்மா இல்லை' என்று அடித்துவிடுகிறவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.