சாப்பாடே இலவசம், வருமானப் படிவம் எதற்கு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். இங்கே அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம். அப்படியும் வருமானம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தனுப்புகிறார்கள். கணவருக்கு வேலை நேரம் பாதியாகிவிட்டது. உண்மையை எழுதினால் மகளுக்கு 'ஏழைப் பிள்ளை' என்று பெயர் வந்துவிடுமோ?
– ஒரு வாசகி, சாக்ரமென்டோ

பதில்: தங்கைக்கு, தயங்காமல் எழுதிக் கொடுங்கள். அந்த மாநிலத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் பதினோரு வருடம் இந்தப் படிவங்களை வாங்கி அடுக்கியவள் நான். பாதித் தாள்கள் புத்தகப் பையின் அடியில் கசங்கி, வாழைப்பழக் கறையோடு வரும். ஒரு அம்மா நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்து, வரிசை காலியானதும் நீட்டினார். "டீச்சர் பார்ப்பாங்களா?" என்றார். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள்கூட வகுப்பறைக்குப் போனதில்லை.

இது சாப்பாட்டுக்கான தாள் இல்லை, பணத்துக்கான தாள். 2013இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த பள்ளி நிதிச் சட்டப்படி, ஏழைக் குடும்பம், ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்பு இல்லத்துப் பிள்ளை இவர்களில் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகையோடு 20 சதவீதம் கூடுதலாக, பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு வருகிறது. ஒரே பிள்ளை இரண்டு வகையில் வந்தாலும் ஒரு தலைதான். மாவட்டத்துப் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய எண்ணிக்கைக்கு இன்னும் பணம் உண்டு. தாள் வராத பிள்ளை அந்தக் கணக்கில் விழாமலே போகலாம்.

யார் ஏழை? மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 185 சதவீதம் வரை வருமானம் உள்ள குடும்பம். 2024-25இல் நாலு பேர் குடும்பத்துக்கு வருடம் 57,720 டாலர். வாடகை குறைவான அலபாமாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இதே கோடுதான். கலிஃபோர்னியாவில் வாடகை கொடுப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். டெக்சாஸ் 2019இல் வேறு வழிக்குப் போனது. பிள்ளை குடியிருக்கும் பகுதியின் நிலையைப் பார்த்து, ஐந்து படியாகப் பணத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

நீங்கள் கால்ஃபிரெஷ் உணவு உதவி வாங்கினால் மகள் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். இல்லாவிட்டால் அக்டோபர் முதல் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள், அதுதான் கணக்கெடுப்பு நாள். அப்புறம், வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் கைக்குழந்தை, கூடவே இருக்கும் மாமியார் எல்லாரையும் எழுதுங்கள். நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.