எண்ணெய் மாறிய கதையும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எச்.எஸ்.சி.யில் நன்றாக எழுதியும் மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. இப்போது அவள் பொதுச் சுகாதாரக் கொள்கை படிக்கப் போகிறேன் என்கிறாள். "கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் இவள் யாருக்கு வைத்தியம் பார்ப்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

உங்கள் அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன். 1987க்கு முன்பு நம் மொரீஷியஸில் வீட்டுக்கு வீடு வாங்கிய ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். விசேஷத்துக்கு வாழை இலையில் பரிமாறும் நம் ஏழு கறியும் அதில்தான் தாளித்தோம். அந்த எண்ணெயைச் சோயா எண்ணெயாக மாற்ற அரசு முடிவெடுத்தது. ஒரு குடும்பத்தையும் கூப்பிட்டு யாரும் புத்தி சொல்லவில்லை. கடையில் கிடைத்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். 1987இலும் 1992இலும் மக்களுக்கு ரத்தப் பரிசோதனை நடத்திப் பார்த்தார்கள். சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. உங்கள் லேப் ரிப்போர்ட்டில் வரும் அதே அலகுதான். எல்லாமே எண்ணெயால் வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் பங்கு பெரியது. ஒரு டாக்டர் ஆயுள் முழுக்க எத்தனை பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்க முடியும், சொல்லுங்கள்! ஆனால் அதே ஐந்து வருடத்தில் உடல் பருமன் கூடியது, நீரிழிவு குறையவில்லை. உங்கள் மகளுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது. 2013இல் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரைக்கு கிராம் கணக்கில் வரி போட்டதும் இதே பாதையில்தான்.

இன்னொன்றும் பாருங்கள். மலேரியா ஒழிந்த நாடு என்று 1973இல் நமக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1975இல் ஜெர்வேஸ் புயல் வந்தது, அதன் பின்னால் மலேரியாவும் திரும்பி வந்தது. மறுபடி விரட்ட இருபது வருடத்துக்கு மேல் ஆனது. இன்றும் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்து இறங்கினால், சுகாதார ஊழியர் வீடு தேடி வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போகிறார் அல்லவா? அந்த ஒரு சொட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு பட்ஜெட், ஒரு பதிவேடு இருக்கிறது. அதையெல்லாம் திட்டமிடும் மேசையில் உட்காரத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் பட்டமே "பொதுச் சுகாதாரம்" என்ற பெயரில் இருக்க வேண்டியதில்லை. புள்ளியியல், பொருளாதாரம், செவிலியர் படிப்பு, ஊட்டச்சத்து இவற்றில் ஒன்றை உறுதியாகப் படிக்கட்டும். என்னைக் கேட்டால் புள்ளியியல். எண்ணைப் படிக்கத் தெரியாதவரின் பேச்சு கொள்கை மேசையில் எடுபடாது. 2019 முதல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை, எனவே கடன் பயமும் வேண்டாம். அப்புறம் எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுகலை. அதைக் கற்றுத்தரத் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. வெளியே அனுப்ப மனமில்லை என்றால், லண்டன் சுகாதாரப் பள்ளியின் பொதுச் சுகாதார முதுகலையை வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிக்கலாம்.

வேலை விஷயத்தில் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. சின்னத் தீவு, பதவிகள் குறைவு. பொதுச் சேவை ஆணையத்தின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும். அமைச்சகத்தைத் தவிர, போர்ட் லூயியில் உலக சுகாதார நிறுவனத்தின் அலுவலகம் உண்டு. எபேனில் இந்தியப் பெருங்கடல் ஆணையம் அண்டைத் தீவுகளோடு சேர்ந்து தொற்றுநோய்க் கண்காணிப்பு நடத்துகிறது. மடகாஸ்கரோ கொமொரோஸோ போய் வேலை செய்யத் தயாராக இருந்தால் வாய்ப்பு விரியும். அவளுடைய பிரெஞ்சு இங்கே சொத்து, விட்டுவிட வேண்டாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அனுமதி கேட்டு, நீரிழிவு கிளினிக் நடக்கும் நாளில் மகளை ஒரு காலைப்பொழுது முழுக்க வரிசையோரம் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு நோயாளியின் புண்ணைப் பற்றிப் பேசினால், மருத்துவத்துக்கே இன்னொரு முறை முயலட்டும். இந்த வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டால், அவளை என்னிடம் அனுப்புங்கள்.