கரண்ட் இல்லாத ஊரில் சிபாப் மெஷினை எப்படி ஓட்டுவது?

அப்பாவுக்கு சிபாப் (தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஊரில் ராத்திரி அடிக்கடி கரண்ட் போகிறது, பெரிய இன்வெர்ட்டராக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மெஷினுக்காக மட்டும் என்றால் வேண்டாம். கடைக்காரர் வேறு மாதிரி சொல்வார், அவருக்கு வியாபாரம்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே படுத்துவிட்டது. விளக்கு, ஃபேன், அக்கம்பக்கத்துச் செல்போன் எல்லாம் அதில்தான். மாஸ்க் போடாமல் தூங்கினால் எனக்கு மறுநாள் முழுக்கத் தலைவலி, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். விழுந்த தென்னையை மெஷின் ரம்பத்தால் அறுக்க வேண்டிய ஆளுக்கு அது ஆகுமா?

கைகொடுத்தது சித்தப்பா வீட்டு டிராக்டர் பேட்டரி. கார்ப் பயணத்துக்கென்று ஒரு டிசி கன்வெர்ட்டர் வைத்திருந்தேன். என் மெஷினுக்கு 24 வோல்ட் வேண்டும், அது 12ஐ 24 ஆக்கித் தரும். தெரிந்த வயர்மேன் ஒருவர் நடுவில் ஃபியூஸ் வைத்து கிளிப் போட்டுக் கொடுத்தார். மெனுவில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரையும் சூடாகும் டியூபையும் அணைத்துவிட்டேன். கரண்டை உறிஞ்சுவது அவை இரண்டும்தான். மூக்கு கொஞ்சம் காயும், அவ்வளவே. அவை இல்லாமல் நடுத்தரமான பிரஷருக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர் சுமாருக்குத்தான் இழுக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 8, 10 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வதும் இதில்தான்). உங்கள் வீட்டில் ஏற்கெனவே 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி இருந்தால் பாதியை மட்டும் செலவழித்தாலே பல ராத்திரி ஓடும். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் 12ஐ 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 24 ஆக்கி, நடுவில் வீணாவது தனி.

எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டிராக்டர் பேட்டரி ஸ்டார்ட் பண்ணத்தான், அடிவரை இறக்கினால் ஆயுசு குறையும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தினம் காலையில் என்ஜினை ஓடவிட்டு ஏற்றிக்கொண்டோம். புயல் நேரத்து ஏற்பாடு அது. நீங்கள் நிதானமாகச் செய்வதால் லித்தியம் பேட்டரியே வாங்கலாம். இன்வெர்ட்டரில்தான் ஓட்டியாக வேண்டுமென்றால் ப்யூர் சைன் வேவா (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருவதா) என்று பாருங்கள். ஹியூமிடிஃபையர் இல்லாமல் அப்பா சமாளிப்பாரா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் டாக்டர் இல்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மெஷினுக்காகக் காப்பீட்டில் பில் போட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவிக்குப் பணம் கிடையாது என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். வருஷம் தவறாமல் பிரீமியம் மட்டும் வாங்கத் தெரிகிறது. சொந்தக்காரர்களோ, "குறட்டைக்குப் போய் இவ்வளவு செலவா மாப்ள?" என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சரி, ரயிலுக்கும் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் வருவது 110 வோல்ட். அடாப்டரில் 100-240 என்று போட்டிருந்தால் அது போதும். ஆனால் பல வண்டிகளில் ராத்திரி 11 மணிக்கு மேல் பிளக் பாயிண்டை அணைத்துவிடுகிறார்கள், பேட்டரி கையில் இருக்கட்டும். விமானத்தில் லித்தியம் பேட்டரி என்றால் 100 வாட் அவர் (வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கியது) வரை கைப்பையில் கொண்டுபோகலாம், அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

கன்வெர்ட்டர் வாங்குமுன் அப்பாவின் அடாப்டரைத் திருப்பி அவுட்புட் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். மெஷினில் சொருகும் பின்னும் மாடலுக்கு மாடல் மாறும்.