ஸ்காக்வே மலை ரயில்: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அப்பா அம்மாவை அலாஸ்கா கப்பலுக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் அந்த வழியில் 9 கோடைகள் கப்பலில் அறைப் பணியாளாக இருந்தேன். இப்போது பாபநாசத்தில் வயல் பார்க்கிறேன். வழியில் வரும் அலாஸ்கா துறைமுக ஊரான ஸ்காக்வேயில் இறங்கி மலைக்குப் போவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணம்: ரயிலில் போவதா, பஸ்ஸிலா?

முதல் தடவை என்றால் ரயில்தான். 'வைட் பாஸ் அண்ட் யூகான் ரூட்' என்று பெயர். கப்பல் துறைக்கே வந்து நிற்கும். கடல் மட்டத்தில் கிளம்பி, 32 கிலோமீட்டருக்குள் 873 மீட்டர் ஏறிவிடும். சுவாமிமலையின் 60 படிதான் மலை என்று வளர்ந்த நமக்கு, ஜன்னலுக்குக் கீழே தரையே இல்லாமல் போவது நெஞ்சை அடைக்கும். ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள்.

மலையைவிட நான் பார்க்கச் சொல்வது வேறு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பாறையில் ஒற்றையடித் தடம் ஒன்று தெரியும். 1896இல் மலைக்கு அந்தப் பக்கம், கனடாவின் கிளாண்டைக்கில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்த தடம் அது. ஒரு வருஷச் சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாதவனைக் கனடா போலீஸ் உச்சியில் உள்ளே விடவில்லை. நம்ம கணக்கில் 15 மூட்டை நெல்! கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து, வைத்துவிட்டு இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறார்கள். பாரம் இழுத்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமார் 3,000 செத்துப்போயின. அந்தப் பள்ளத்துக்கு இன்றும் 'செத்த குதிரைப் பள்ளம்' என்றுதான் பெயர். ரயில் அதைத் தாண்டும்போது போட்டோவை நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள்.

மாயவரம்: கனடா விசா வேண்டுமா?

உச்சிதான் எல்லை. உச்சிவரை போய்த் திரும்பும் ரயிலில் யாரையும் இறக்குவதில்லை. அதற்குக் கனடா விசா தேவையில்லை. பஸ்ஸில் கார்க்ராஸ், எமரால்டு ஏரி என்று உள்ளே போனால் சாவடியில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள்; இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். கப்பலே வான்கூவரிலோ விக்டோரியாவிலோ நிற்கும் என்றால், அது தனிக் கணக்கு. அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கானதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்: வெளியில் டூர் பிடித்தால் மலிவாமே?

மலிவுதான். ஆனால் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; நீங்களாகப் பிடித்ததற்குக் காத்திருக்காது. ஒரு கோடையில் துறையில் ஓடிவந்த தம்பதியை மேல்தளத்திலிருந்து பார்த்தேன். கயிறு அவிழ்த்தாகிவிட்டது. அந்த அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கப்பல் கடிகாரத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். கனடாவின் யூகான் பகுதிக்குள் போனால் கோடையில் அது ஒரு மணி முன்னால் காட்டும்.

மன்னார்குடி: அண்ணே, இதற்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம ஊட்டி ரயில் இதைவிடச் செங்குத்து.

உண்மை, தம்பி. ஊட்டி ரயில் 12 அடிக்கு ஒரு அடி ஏறும். வைட் பாஸில் அதிகபட்சம் 100 அடிக்கு 3.9 அடிதான். ஆனால் ஊட்டியில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் இருக்கிறது; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். வைட் பாஸில் பல் கிடையாது. வழுவழுப்பான இரும்பின் மேல் சக்கரத்தின் பிடிமானம் மட்டும்தான்.

நாகப்பட்டினம்: ரயில்வேயில் இருந்தவன் நான். பல்சட்டம் வைத்ததுதான் பெரிய வேலை. மீட்டர்கேஜை அந்தச் சரிவில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஐயா, பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பாதை போட்ட விதத்தையும் பாருங்கள். 1898 மே மாதம் தொடங்கி 1900 ஜூலையில் கடைசி ஆணி அடித்தார்கள், 26 மாதம். 1899 பிப்ரவரியிலேயே, நடுக்குளிரில், உச்சியைத் தொட்டுவிட்டார்கள். பாறையை வெடிவைத்துக் குடைய வேண்டியிருந்ததால்தான் மூன்றடி அகலத்தில், 914 மில்லிமீட்டரில், நம்ம மீட்டர்கேஜைவிடக் குறுகலாகப் போட்டார்கள். வளைவை இன்னும் இறுக்கமாக ஒடிக்கலாம், வெட்ட வேண்டிய பாறையும் குறைவு. எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

மன்னார்குடி: அப்போ ஊட்டியை முதலில் பார்த்துவிடலாம் என்கிறீர்கள்?

தாராளமாக.

பேராவூரணி: விசா வேண்டுமா ஐயா?

மாயவரத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வலங்கைமான்: ஜூனில் குளிருமா? தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

உச்சியில் குளிரும். மே கடைசியில்கூட அங்கே பனி கிடக்கும். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு போடுங்கள். கப்பல் சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள். ரயில் போய்வர 3 மணி நேரத்துக்குள்தான். காலையில் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புங்கள்.

பட்டுக்கோட்டை: கனடா விசா...

மேலே இருக்கிறது. மூன்றாவது முறை எழுத மாட்டேன்.

திருத்துறைப்பூண்டி: அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. முடியுமா?

முடியும். வழியில் இறங்கி நடக்க வேண்டியதே இல்லை. சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட் சில பெட்டிகளில்தான் உண்டு, அதனால் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். ஏறும்போது அப்பாவை இடது ஜன்னலில் உட்கார வையுங்கள். உச்சியில் சாய்மானத்தைத் திருப்பிப்போட்டு எதிர்ப்பக்கத்தாரோடு இடம் மாறிக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.