இந்தி தெரியாமல் டெல்லியில் ஆராய்ச்சி வேலை

தம்பி, வேளாண் பொறியியல் முடித்துவிட்டு டெல்லியில் காலநிலைக் கொள்கை ஆராய்ச்சி வேலைக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தானே, இந்தி இல்லாமல் ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். டெல்லிக்குள் ஓட்டிவிடலாம். களத்தில் முடியாது.

நான் ராமநாதபுரத்துக்காரி, இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் களப்பயணம் மத்தியப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில், டீகம்கர் மாவட்டத்துக்கு. கிணறு வற்றிய கதையை ஒரு அம்மா ஐந்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர், "தண்ணீர்ப் பிரச்சினை என்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நோட்டில் எழுதும்போது கூசியது. திரும்பி வந்ததும் இந்தி வகுப்பில் சேர்ந்தேன். (அங்கே பேசுவது புந்தேலி. அது எனக்கு இன்றும் பாதிதான் பிடிபடும்.)

அதே ஊரில் எனக்குக் கைகொடுத்தது நம்மூர்தான். சந்தேல அரசர்கள் காலத்து ஏரிகள் அங்கே நிறைய. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு என்று தொடராகப் போகும், அப்படியே நம் கண்மாய்கள். கூட வந்தவர்கள் கரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது நான் மடை எங்கே, மிகுநீர் வெளியேறும் கலுங்கு எங்கே, வரத்துக்கால் எந்த இடத்தில் தூர்ந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அறிக்கையில் ஏரிகள் பற்றிய பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். நேர்காணலில் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் உங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றியும் பேசுங்கள்.

கொள்கை வேலை என்றால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். நிலத்தடி நீருக்காக மத்திய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் யோஜனா திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 6,000 கோடி ரூபாய், பாதி உலக வங்கிக் கடன், ஏழு மாநிலங்கள். தமிழ்நாடு அதில் இடம்பெறவில்லை. அதில் சேர்ந்த ஒவ்வொரு ஊராட்சியும் நிலத்தடி நீருக்கு வரவு செலவுக் கணக்குப் போட வேண்டும் என்பது திட்டம். டெல்லியில் அது ஓர் அட்டவணை. ஊரில் யாருடைய போர்வெல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலேயே கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு.

நவம்பர் புகை பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், விடுங்கள். வீட்டுக்கு மயூர் விகார் பாருங்கள், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அப்புறம், சேரும் முன் திட்ட நிதி இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். என் முதல் வேலை பதினோரு மாதத்தில் முடிந்துபோனது. வாடகை ஒப்பந்தமும் பதினோரு மாதத்துக்குத்தான் போட்டிருந்தேன், அது ஒன்றுதான் வசதி.